கீழேயிருந்து மேலே

புதன்கிழமை காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குக் கடிதம் வந்தது.

செலீன் மூன்று நாளாகக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். வீட்டில் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. இன்ரநெற் ஓடினால் தொலைபேசி வேலை செய்யாது. தொலைபேசியைத் தூக்கினால் இன்ரநெற் அறுந்துவிடும். அதனால் அரை மணித்தியாலம் மட்டக்களப்புக்கு நம்பர் அடிப்பாள், அரை மணித்தியாலம் மின்னஞ்சலில் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று கேட்ட நேரத்திலிருந்து இதுதான் அவளுக்கு வேலை. கணவன் யோசெப்பும் ஆறு வயது மகள் மேனுகாவும் கல்லடியில் இருந்தார்கள். வீட்டுப் படலையில் நின்றால் அலை தெரியும்.

"வதனி. எழும்பு கா. எழுதியிருக்கார்."

வதனி யோசெப்பின் தங்கை. மொன்றியலில், வில்லரேயில், மூன்றாம் மாடி வீட்டில் மச்சாளும் அவளும்தான். செலீன் அகதியாக வந்து இரண்டு வருடம். அவளுடைய வழக்கு சரிவந்து, கணவனுக்கும் மகளுக்கும் கொழும்பில் விசா நேர்முகத்துக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். 2005 ஜனவரி பன்னிரண்டு. இன்னும் இரண்டு கிழமை.

வதனி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தாள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். நாலைந்து வரி.

அன்பின் செலீன், நாங்கள் இங்கு நல்ல சுகம். நீ ஒன்றுக்கும் யோசிக்காதே. மேனுகாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, என்னோடுதான் நிற்கிறாள். கடையில் சனம் நிறைய நிற்குது. மிச்சம் மறுகா எழுதுறன். யோசெப்.

மேலே திகதி இருந்தது. செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 28, காலை 8:19.

"பாத்தியா," என்றாள் செலீன். "நேத்து எழுதியிருக்கார்."

"ஓம்."

"இன்ரநெற் கடையில சனமாம். இருக்கும்தானே. ஊர்ச் சனம் முழுக்க அங்கதான் நிக்கும், வெளிநாட்டுக்கு அறிவிக்க. அதுதான் சுருக்கி எழுதியிருக்கார்." அவள் திரையைக் கைத்தலத்தால் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இருக்கவில்லை. "கடலைப் பற்றி ஒரு சொல் எழுதயில்ல பார். நான் பயந்திடுவனாம். யோசிக்காதையாம். கள்ளன்."

யோசெப் எழுதும் எல்லாக் கடிதமும் நாங்கள் இங்கு நல்ல சுகம், நீ ஒன்றுக்கும் யோசிக்காதே என்றுதான் தொடங்கும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். சாவீட்டுச் செய்தி சொல்லும் கடிதத்துக்கும் முதல் வரி அதுதான்.

செலீன் இன்ரநெற்றை அறுத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். ஒன்பதாவது தரம் நம்பர் விழுந்தது. அருமைநாதன் அவளுடைய தமையன், மட்டக்களப்பு நகரத்தில் இருக்கிறவன். திங்கட்கிழமையிலிருந்து தங்கையின் கணவனையும் பிள்ளையையும் தேடித் திரிகிறான்.

"அண்ணை, எங்க நிக்கிறாய்?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "வரிசையை விட்டு வெளியில வா. வா எண்டு சொல்றன். எத்தனை பேர் முன்னுக்கு நிண்டா என்ன, நீ அதுக்குள்ள போகாத. கடிதம் வந்திட்டு. நேத்து எழுதினது. ஓம், புள்ளயும் நிக்கிறாள், காய்ச்சலும் விட்டிட்டாம். எங்க இருக்கிறன் எண்டு எழுதயில்ல. ஏதாவது பள்ளிக்கூடத்தில இருப்பாங்க, அங்க போய்ப் பார். செத்தாக்களுக்குள்ள தேடாத, அண்ணை. தரித்திரம்."

அவள் பேசிக்கொண்டிருக்க வதனி கதிரையில் இருந்தாள். கை தானாகக் கொம்பியூட்டரின் மவுஸைப் பிடித்து, கடிதத்தின் மறைந்த தலைப்பகுதியைத் திறந்தது. வேறு நோக்கம் இருக்கவில்லை. ஐந்து மாதமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு லாசாலில் சிறிய இன்ரநெற் கம்பனி ஒன்றில் வேலை. வீட்டு இணைப்பும் அவர்களுடையதுதான். வாடிக்கையாளர்களுக்கு விளக்கப் பக்கங்கள் எழுதுவாள், ஆங்கிலத்திலும் தமிழிலும். வங்காளிக்கு ஒருவர், கிரேக்கத்துக்கு ஒருவர் இருந்தார்கள். பொய்க் கடிதங்களும் களவுக் கடிதங்களும் பெருகிச் சனம் ஏமாந்துகொண்டிருந்த காலம். கடிதம் உண்மையில் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று சாதாரண ஆட்கள் தாங்களாகவே பார்க்கும்படி ஒரு கைநூல் எழுதச் சொல்லியிருந்தார்கள். வருட முடிவுக்குள் கொடுக்க வேண்டும்.

சாதாரண ஆளுக்கு வதனி எங்கே போவாள். மச்சாள்தான் இருந்தாள். கோடை முழுக்க, சமையலறை மேசையில், ஒவ்வொரு பந்தியாகச் செலீனுக்கு வாசித்துக் காட்டினாள்.

"ஒவ்வொரு கடிதத்துக்கு மேலேயும் கண்ணுக்குத் தெரியாத சில வரிகள் உண்டு. கடிதம் வரும் வழியில் உள்ள ஒவ்வொரு நிலையமும் தன் பெயரையும் நேரத்தையும் அதன் மேல் குத்தி அனுப்புகிறது."

"தபால் கந்தோர் முத்திரை."

"ஓம்."

"அப்ப அப்படி எழுதன் கா. ஏன் சுத்தி வளைக்கிறாய்?"

வதனி அப்படி எழுதினாள்.

"புதிய முத்திரை பழைய முத்திரைக்கு மேலே குத்தப்படும். ஆகவே கீழேயிருந்து மேலே வாசிக்கவும். அடியில் இருப்பதே முதல் முத்திரை."

"சீலை மடிச்சு அடுக்கிற மாதிரி. கடைசியாத் தோய்ச்சது மேல."

"இதையும் எழுதவா?"

"எழுதினா உன்ட வெள்ளைக்காரன் வேலையால நிப்பாட்டுவான்."

செலீன் பென்சிலை வைத்துக்கொண்டு, விளங்கிய பந்திக்குச் சரி போடுவாள். விளங்காவிட்டால் வட்டம். வட்டம் போட்டதை வதனி திருப்பி எழுத வேண்டும். திகதி பற்றிய பந்திக்கு மூன்று தரம் வட்டம் விழுந்தது. அனுப்பிய திகதியை நம்பாதீர்கள், அது அனுப்பியவருடைய கொம்பியூட்டரின் மணிக்கூடு சொல்லும் திகதி, மணிக்கூடு பிழைத்தால் திகதியும் பிழைக்கும். இதில் என்ன விளங்கவில்லை என்று கேட்டாள் வதனி. எழுத்து விளங்குது, நம்ப முடியயில்ல, ஒரு உதாரணம் தா, என்றாள் செலீன்.

உதாரணம் வீட்டிலேயே இருந்தது. யோசெப் எழுதும் கடையின் கொம்பியூட்டர் இரண்டு நாள் முந்தி ஓடுகிறது. ஆடி மாதத்திலிருந்து அப்படித்தான். கடைக்காரன் சரிபார்ப்பதில்லை. ஐந்தாம் திகதி என்று போட்ட கடிதம் மூன்றாம் திகதியே இங்கே வந்து நிற்கும். செலீன் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ட மனிசன் நாளையிண்டைக்கு எழுதுற கடிதத்தை இண்டைக்கே அனுப்புறார். அவ்வளவு அவசரம்."

அதுதான் கைநூலின் நாலாவது உதாரணமாயிற்று. பெயர்களை வதனி மாற்றினாள். திகதிகள் யோசெப்புடையவை. அந்தப் பந்திக்குச் செலீன் இரண்டு சரி போட்டாள்.

இப்போது திரையில் தலைப்பகுதி திறந்திருந்தது. வதனி கீழேயிருந்து தொடங்கினாள். திகதி, 28. அது கடைக்காரனின் மணிக்கூடு. அதற்கு மேலே முதல் முத்திரை, கொழும்பு. ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 26, காலை 8:21. அதற்கு மேலே மொன்றியல். புதன்கிழமை, டிசம்பர் 29, காலை 6:05. நடுவில் ஒன்றும் இல்லை. மூன்று நாள் கடிதம் கொழும்பில் எங்கோ கிடந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருபத்தொரு நிமிடம். அலை வந்தது ஒன்பதுக்குக் கிட்ட. கடையிலிருந்து பாலத்தைத் தாண்டிக் கல்லடி வீட்டுக்குச் சைக்கிளில் இருபது நிமிடம்.

அவள் பழைய கடிதங்களைத் திறந்தாள். மார்கழியில் ஒன்று, கார்த்திகையில் மூன்று. எல்லாம் இரண்டு நாள் முந்தித்தான் இருந்தன.

செலீன் தொலைபேசியை வைத்தாள்.

"என்ன பாக்கிறாய்?"

"ஒண்டுமில்ல, மச்சாள்." வதனி தலைப்பகுதியை மூடினாள். "கடிதத்தைத் திரும்ப வாசிச்சன்."

"வாசி, வாசி. நான் முப்பது தரம் வாசிச்சிட்டன்." செலீன் நிலத்தில் அமர்ந்து சுவரில் சாய்ந்தாள். "அண்ணை ஆஸ்பத்திரி வளவுக்குள்ள வரிசையில நிண்டிருக்கான், வதனி. துணியைத் தூக்கித் தூக்கிப் பாக்கிற வரிசை. நல்ல நேரம் வந்த கடிதம்."

வதனி வாயைத் திறந்தாள். திங்கட்கிழமை நினைவு வந்தது.

திங்கட்கிழமை மாலை இன்ரநெற்றில் ஒரு தமிழ்ச் செய்திக்குழுவில், யாரும் எழுதலாம் யாரும் வாசிக்கலாம் என்ற இடத்தில், ஒரு பட்டியல் வந்தது. கல்லடி, உயிரோடு இருப்போர். அறுபது பெயர். முப்பத்திரண்டாவது பெயர் ம. யோசெப், மகள். செலீன் கத்தவில்லை. திரையில் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். வதனி அந்தச் செய்தியின் தலைப்பகுதியையும் திறந்து பார்த்தாள். அது ஜேர்மனியிலிருந்து போடப்பட்டிருந்தது. அதே அறுபது பெயரை வேறொருவர் இரண்டு மணித்தியாலத்துக்கு முதல் இன்னொரு குழுவில் போட்டிருந்தார், கல்லடியில் எனக்குத் தெரிந்த ஆட்கள், யாருக்காவது செய்தி தெரியுமா என்று கேட்டு. கைமாறி வரும்போது கேள்வி கழன்று தலைப்பு மாறிவிட்டது. வதனி அதை அந்த நிமிடமே சொன்னாள். சொல்வதுதான் சரி என்று நினைத்தாள். இப்போதும் நினைக்கிறாள்.

செலீன் விரலை எடுத்தாள்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். உனக்குப் பிழைக்காது. ஆனா ஒரு ராவைக்கு விட்டிருக்கலாமே, வதனி. ஒரு ராவைக்கு நான் படுத்து எழும்பியிருப்பன்."

வதனி திறந்த வாயை மூடிக்கொண்டாள். முத்திரை குத்தும் சேர்வரின் மணிக்கூடும் பிழைக்கக் கூடும் என்று தனக்குள் சொன்னாள். கைநூலில் அவளே எழுதியிருந்தாள்: அடியில் உள்ள முத்திரையின் நேரம் பெரும்பாலும் சரியாக இருக்கும். பெரும்பாலும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சப்பாத்துப் போட்டாள்.

அங்கே உடல்களை நாள்கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

மெற்றோ, பிறகு பஸ். லாசாலில் இறங்கும்போது பனி தூவிக்கொண்டிருந்தது. ஜில் அவளுடைய மேலாளர், ஐம்பது வயதுக்காரர், மூன்று நாளாக அவளைப் பார்த்தால் எழுந்து நின்றுதான் கதைப்பார்.

"செய்தி ஏதும்?"

"ஒரு கடிதம் வந்திருக்கிறது."

அவர் முகம் விரிந்தது. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்தார். கோப்பி கொண்டுவந்து வைத்தார். அவர் திரும்பிப் போக முதல் வதனி கேட்டாள்.

"ஒரு சேர்வரின் மணிக்கூடு இரண்டு நாள் பிழைக்குமா?"

"இரண்டு நிமிடம் பிழைக்கும். இரண்டு நாள் பிழைக்காது. ஏன், கைநூலுக்கா?"

அவள் கோப்பியைத் தள்ளிவைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் மேசைக்குப் போய், கொழும்பிலிருந்து தங்கள் கம்பனிக்கு வரும் கடிதங்களின் பதிவைத் திறந்தார். வதனி பின்னால் நின்றாள்.

"ஞாயிறு முழுக்க அங்கிருந்து ஒன்றும் இல்லை," என்றார். "திங்கள் இல்லை. செவ்வாய் இல்லை. இன்று காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் பிந்தி முந்நூறு கடிதம் ஒன்றாக வந்திருக்கிறது." அவர் திரும்பாமலே கேட்டார். "உன்னுடையது எத்தனை மணிக்கு?"

"ஆறு ஐந்து."

பனி யன்னல் விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ வீட்டுக்குப் போ," என்றார் ஜில்.

"கைநூல் முடியவில்லை."

"அது கிடக்கட்டும்."

"நாளைக்குக் கொடுக்க வேண்டும்," என்றாள் வதனி.

அவள் தன் மேசைக்கு வந்து கைநூலைத் திறந்தாள். முதல் பக்கத்திலிருந்து பிழை பார்த்துக்கொண்டு வந்தாள். நாலாவது உதாரணத்தில் நின்றாள். அனுப்பிய திகதி ஐந்து, முத்திரையில் மூன்று. அதன் கீழே அவள் எழுதிய வரி: இதில் எதை நம்புவீர்கள்? அந்தப் பந்தியைத் தெரிவுசெய்து அழித்தாள். பதிலுக்கு ஒரு கற்பனைக் கடிதம் செய்தாள், 1980 என்று திகதி காட்டும் ஒரு பழைய கொம்பியூட்டரை வைத்து. சிரிப்பு வரக்கூடிய உதாரணம். அச்செடுத்துப் பைக்குள் வைத்தாள்.

பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டிய வசனத்தைச் செய்தாள். மச்சாள், அந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமை எழுதினது. விளங்காத சொல் ஒன்றும் அதில் இல்லை. வட்டம் விழ இடமில்லை.

வெளிப்படியில் உறைபனி. கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். கதவைத் திறந்தபோது பருப்பு மணத்தது. செலீன் சோபாவில் படுத்திருந்தாள், வாய் கொஞ்சம் திறந்து, ஒரு கை நிலத்தில் தொங்க. சனிக்கிழமைக்குப் பிறகு அவள் படுத்து வதனி பார்க்கவில்லை. மேசையில் சோறு மூடியிருந்தது. வதனியின் பங்கு. பக்கத்தில் விசா நேர்முகக் காகிதங்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

வதனி சப்பாத்தோடு வாசலில் நின்றாள். பிறகு சப்பாத்தைக் கழற்றினாள். தொங்கிய கையைத் தூக்கிச் சோபாவில் வைத்துப் போர்த்துவிட்டாள்.

வியாழக்கிழமை வதனி எழும்ப முதலே செலீன் வேலைக்குப் போய்விட்டாள். அவள் நகரத்தில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிறவள். மூன்று நாள் போகாததைச் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தாள். நாலு மணிக்கு வதனி வீட்டுக்கு வந்தபோது அவள் உடுப்பு மாற்றி, கையில் சாப்பாட்டுச் சட்டியோடு கதவடியில் நின்றாள்.

"கீழ் வீட்டுக்குப் போறன். நீயும் வா. பாவம் அந்த மனிசி."

கீழ் வீட்டில் கிருபானந்தனும் மனைவி ஞானாம்பிகையும். யாழ்ப்பாணத்து ஆட்கள். ஞானாம்பிகையின் தங்கை குடும்பம் முல்லைத்தீவில். ஞாயிறுக்குப் பிறகு செய்தி இல்லை. ஞானாம்பிகை கட்டிலில் இருந்தாள். தலை இழுத்துச் சீவவில்லை. கிருபானந்தன் கதிரை கொண்டுவந்து போட்டார்.

"சாப்பிடுங்கோ அக்கா," என்றாள் செலீன். யாழ்ப்பாணத்தாரோடு கதைக்கும்போது அவள் பேச்சுக் கொஞ்சம் மாறும். "நானும் உங்களைப் போலத்தான் கிடந்தனான். மூண்டு நாள் பச்சைத்தண்ணி குடிக்கயில்ல. பிறகு வந்திட்டுது பாத்தீங்களா."

"உனக்குக் கர்த்தர் கண்ணைத் திறந்திட்டார், தங்கைச்சி," என்றாள் ஞானாம்பிகை. "என்ரை பிள்ளையாருக்கு இன்னும் நித்திரை முறியேல்லை."

"முறியும். எனக்கு வந்த மாதிரி உங்களுக்கும் வரும்." செலீன் சோற்றைக் குழைத்து உருண்டையாக்கி நீட்டினாள். "வதனியைக் கேளுங்கோ. இவள்தான் இந்தக் கடிதங்கள் எப்படிச் சுத்தி வருது எண்டு புத்தகம் எழுதுறவள். பிந்தும், ஆனா வரும். என்ன, வதனி?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றாள் வதனி.

ஞானாம்பிகை வாயைத் திறந்து உருண்டையை வாங்கினாள்.

மேலே வந்த பிறகு வதனி சொல்லியிருக்கலாம். செலீன் பாத்திரம் கழுவிக்கொண்டு, புதுவருடப் பூசைக்கு என்ன உடுப்பது என்று கதைத்துக்கொண்டிருந்தாள். விசா கிடைத்தால் மேனுகாவை ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் விடமாட்டார்கள், பிரெஞ்சில்தான் விடவேண்டும், அவள் பேசுகிற வேகத்துக்கு ஆறு மாதத்தில் எங்கள் இரண்டு பேரையும் விற்றுவிடுவாள் என்றாள். வதனி கைநூலின் புதிய பிரதியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். வைக்கும்போது வசனம் தொண்டைவரை வந்தது. செலீன் அந்த நேரம் பாட்டுப் பாடத் தொடங்கினாள். கோயில் பாட்டு, இரண்டு குரலில் பாடுவது, தனியாக.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. வருடத்தின் கடைசி நாள். அருமைநாதன்.

செலீன் ஒலிபெருக்கியை அழுத்தினாள், வதனியும் கேட்கட்டும் என்று.

"தங்கச்சி," என்றான். "மூண்டு பள்ளிக்கூடமும் பாத்திட்டன். பேரும் பதிஞ்சிருக்கிறாங்க, எல்லாப் பேரும் வாசிச்சன். இல்ல."

"கோயில்ல பாத்தியா? வலையிறவுப் பக்கம்?"

"பாத்தன். அங்கயும் இல்ல. பிறகு யோசிச்சன், கடிதம் எழுதின கடையில கேட்டாத் தெரியும்தானே எண்டு. போனன்." அவன் நிறுத்தினான். "கடை பூட்டு, செலீன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு திறக்கவேயில்லையாம். கரண்டும் இல்ல. கடைக்காரனைத் தேடிப் பிடிச்சன். யோசெப் ஞாயிறு காலமை பூசையால வந்து எழுதினவராம். புள்ளயும் நிண்டதாம். எட்டரைக்குச் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு வீட்ட போனவராம்."

செலீன் தொலைபேசி வயரை விரலில் சுற்றினாள்.

"கேக்குதா?"

"கேக்குது."

"புதன்கிழமை நீ எடுக்கைக்குள்ள எனக்கு முன்னுக்குப் பதினொரு பேர். பதினொரு பேர்தான். நீ சொன்ன உடனே சந்தோசத்தில ஓடி வந்திட்டன். வியாழன் விடிய எல்லாரையும் ஒரே கிடங்கு வெட்டித் தாட்டிட்டாங்க. படம் எடுத்து வைச்சிருக்கிறாங்க, பெரியாக்கள்ட. சின்னப் புள்ளையள் கன பேர் எண்டபடியால் எல்லாரையும் எடுக்கயில்லையாம்." அவன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "படத்தில யோசெப் மாதிரி ஒண்டு இருக்கு. இல்லாமலும் இருக்கலாம். முகம் தெரியாது. நேரில பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். கால்ல இருக்கிற அந்த வெட்டுக் காயத்தை வைச்சு. இப்ப நான் ஆரை எங்க தேடுறது, தங்கச்சி?"

தொடர்பு அறுந்தது. அவன் வைத்தானா, தானாக அறுந்ததா தெரியவில்லை. செலீன் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தாள். வயர் முறுகியிருந்தது. அதை நேராக்கினாள்.

பிறகு கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தாள். கடிதத்தைத் திறந்தாள். மேலே உள்ள பட்டியலில் போய், வதனி கோடை முழுக்கக் காட்டிக்கொடுத்த அதே வழியில், ஒவ்வொன்றாக அழுத்தித் தலைப்பகுதியைத் திறந்தாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. விரலைத் திரையின் அடியில் வைத்து மேலே நகர்த்தினாள்.

"இருபத்தெட்டு," என்றாள். "அது கடைக்காரன்ட." விரல் ஏறியது. "இருபத்தாறு. எட்டு இருபத்தொண்டு." அங்கே நின்றது.

வதனி சமையலறை வாசலில் நின்றாள். அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. போய் நிற்பாட்ட வேண்டும் என்று நினைத்தாள்.

"எனக்கு இது தெரியும்தானே," என்றாள் செலீன். வதனியிடம் சொல்வது போல் இல்லை. "ரெண்டு சரி போட்டனான். பகிடியும் விட்டனான். புதன்கிழமை என்ட கண்ணுக்குத் தெரியயில்ல."

அவள் எழுந்து மேசைக்கு வந்தாள். இழுப்பறையிலிருந்து கைநூலின் பழைய பிரதியை எடுத்தாள், தன் பென்சில் அடையாளங்கள் போட்டது. அந்தப் பக்கத்தைத் தேடித் திருப்பினாள். பிறகு மேசையில் கிடந்த புதிய பிரதியை எடுத்தாள். அதிலும் அதே பக்கத்தைத் தேடினாள். இரண்டையும் அருகருகே வைத்தாள். வாசித்தாள். அவசரப்படவில்லை. 1980 ஆம் ஆண்டுக் கடிதத்தை முழுவதும் வாசித்தாள்.

"இதில அவர்ட கடிதம் இருந்தது," என்றாள். "புதுசில இல்ல."

வதனி அடுப்பை நிற்பாட்டினாள்.

செலீன் பழைய தாளில் தான் போட்ட இரண்டு சரியையும் பெருவிரலால் தடவினாள். பென்சில் கொஞ்சம் பரவியது. தலை நிமிர்ந்தாள். கண் காய்ந்திருந்தது.

"அதை எண்டைக்கு அழிச்ச நீ, வதனி?"